கூப்பிடு தூரத்தில் ஒரு யானைக் காசு

ஏழாவது அடிக்குள் காசு விற்கிற அந்தம்மா கூப்பிட்டுவிடும் என்று செம்மலைக்குத் தெரியும். முப்பத்தைந்து வருஷமாகப் பழைய மோட்டார், பழைய பம்பு, கருகிப்போன செம்புக்கம்பிக் காயில் என்று எதை வாங்கினாலும் இதே வழிதான். பொருளைக் கையில் எடுத்து, ஒரு புரட்டுப் புரட்டி, உதட்டைப் பிதுக்கிக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். மூன்றாவது அடியில் கூப்பிடுகிறவனுக்கு வீட்டில் ஏதோ அவசரம். ஐந்தாவது அடியில் கூப்பிடுகிறவன் யோசிக்கத் தெரிந்தவன். ஏழு வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் அவரைப் போலவே அடிபட்டு மிதிபட்டு மேலே வந்தவன், அவனுக்கு மட்டும் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கலாம். எட்டாவது அடி என்று ஒன்றை அவர் எடுத்து வைத்தது கிடையாது, ஒரே ஒரு தடவையைத் தவிர. அதை அவர் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. இப்போது ஐந்து, ஆறு. திருச்சியில் ஒரு கல்யாண மண்டபம், ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நாணயக் கண்காட்சி. நீலத் துணி விரித்த மேசைகளுக்கு நடுவே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, யாருக்கும் எதுவும் வேண்டாதவர்போல ஏழாவது அடியையும் வைத்தார். மேலே மின்விசிறி சத்தம். பக்கத்து மேசையில் யாரோ சில்லறையைத் தகரத் தட்டில் கொட்டும் சத்தம். முதுகுக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

சரி, அந்தம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கும். டீச்சராக இருந்ததாம், சின்ன வயசுப் பிள்ளைகளிடம் கத்திக் கத்திக் குரல் போயிருக்கும். ஜெசிந்தா டீச்சர், ஓய்வு, குளித்தலை என்று மேசையில் அட்டை வைத்திருந்தது. எட்டு. ஒன்பது. நின்றால் தோற்றமாதிரி, அதனால் நிற்காமல் மணமேடைப் பக்கம் திரும்பினார். நேற்றைக் கல்யாணத்தின் தெர்மோகோல் எழுத்துகள் மேடைத் திரையில் இன்னும் பாதி ஒட்டிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை பெயர் முழுசாக இருந்தது, பெண்ணின் பெயரில் இரண்டெழுத்து மட்டும் மிச்சம். கூடம் முழுக்க சந்தன வாசனையும் ஆறிப்போன சாம்பார் வாசனையும். மேடைக்குக் கீழே பழைய ரூபாய் நோட்டு விற்கிற ஒருவன், “அண்ணே, உங்க பிறந்த தேதி நம்பர் போட்ட நோட்டு இருக்குண்ணே, தேதியச் சொல்லுங்க” என்றான். “எனக்கே தெரியாது தம்பி. ஆத்துல வெள்ளம் வந்த வருசம்னு எங்கம்மா சொல்லும். எந்த ஆறுன்னு கேட்டா அதுவும் தெரியாது” என்றார் செம்மலை. நோட்டுக்காரன் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை, காது முழுவதும் பின்னால் இருந்தது. வெள்ளம் வந்த வருசத்தில் பிறந்து, எட்டு வயசில் காயலான் கடையில் செம்புக்கம்பியின் மேல்தோலைக் கருக்கி உரிக்கிற வேலைக்குப் போனவர். செம்பு அவருக்குத் தாய்ப்பால் மாதிரி. கண்ணைக் கட்டிவிட்டு உள்ளங்கையில் ஒரு துண்டை வைத்தால் இது சுத்தமா, கலப்பா, பித்தளையா என்று சொல்வார். அதனால்தான் அந்தம்மாவின் சின்னச் சதுரக் காசை எடுத்து வைத்த கணமே அவருக்குத் தெரிந்துவிட்டது. சுண்டுவிரல் நகத்தளவு. ஒரு பக்கம் யானை, அதன் முதுகுக்கு மேலே மிதக்கிறமாதிரி ஓர் அங்குசம், மறுபக்கம் கொஞ்சம் சாய்வாக விழுந்த வில்லும் அம்பும். கறுப்பும் பச்சையுமாக இரண்டாயிரம் வருஷத் தோல், குழியிலும் மேட்டிலும் உள்ளேயிருந்து பூத்த பச்சை. அடித்த சாயம் அப்படி இருக்காது. அசல். அசலிலும் அசல். உடனே வாய் சொல்லிவிட்டது: “ஏனுங்க டீச்சர், இது டூப்ளிகேட்டுங்க. வார்ப்புல ஊத்தி, நவச்சாரத்துல ஊறப்போட்டு, பச்சை புடிக்க வெச்சு விக்கறானுங்க. உங்களையும் ஏமாத்திட்டானுங்க பாருங்க.” விலையைப் பாதிக்கு இறக்க அது போதும். அவர் எதிர்பார்த்தது சண்டையை. ‘யாரைப் பார்த்து டூப்ளிகேட்ங்கறே’ என்று எகிறினால் இவரும் எகிறலாம், எகிறி இறங்குகிற இடத்தில்தான் விலை படியும். அந்தம்மா எகிறவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு, “அப்படிங்களா” என்றது. அவ்வளவுதான்.

அப்படிங்களா. அந்த வார்த்தையில் பிடி எதுவும் இல்லை. எண்ணெய் போட்ட பேரிங் மாதிரி வழுக்குகிறது. கோபமாக ஒரு அப்படிங்களா உண்டு, நக்கலாக ஒன்று உண்டு, போய்யா வேலையைப் பார் என்கிற ஒன்று உண்டு, எல்லாவற்றையும் அவர் பார்த்திருக்கிறார். இது எதுவும் இல்லை. நெற்றிப்பொட்டில் ரத்தம் தட்டுவது தெரிந்தது. காதில் ஒரு ரீங்காரம், வோல்டேஜ் குறைந்த மோட்டார் போடுகிற அதே சத்தம். டாக்டர் சொன்ன ரத்தக்கொதிப்பு இதுதான். “மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதி உங்க கையில. மனசு லேசாகிற மாதிரி ஒரு பொழுதுபோக்கு வெச்சுக்கங்க. மீன் வளர்க்கலாம், செடி வைக்கலாம், தபால்தலை, காசு ஏதாவது சேர்க்கலாம்.” முதலில் மீன் வாங்கப் போனார். மீன்காரனோடு வாங்கிய சண்டையில் தொட்டி உடைந்தது. செடிக்கு நர்சரிக்குப் போனதில் போலீஸ் வராததுதான் மிச்சம். மனைவி தெய்வானைதான், “அதெல்லாம் உசுரோட இருக்கறதுங்க, பாவம். அசையாததா ஒண்ணு பாருங்க” என்றாள். அசையாதது. அப்போதுதான் ஞாபகம் வந்தது, பழைய நட்டு போல்ட்டு போடுகிற பால்பவுடர் டப்பாவின் அடியில், வாஷர்களோடு வாஷராக, ஒரு சதுரத் தகடு கிடக்குமே என்று. கவிழ்த்துத் தேடினார். இருந்தது. வருஷக்கணக்காக அது அங்கேயே, யானையோடு, இருட்டில்.

அடுத்து அவர் செய்ததைச் செம்பு வியாபாரத்தில் வளர்ந்த எவனும் செய்வான். கறுத்த செம்புக்கு ஒரு விலை, பளிச்சென்ற செம்புக்கு இன்னொரு விலை. அழுக்கோடு எடைக்குப் போட்டால் முட்டாள் என்பார்கள். புளியும் உப்பும் போட்டு ஊறவைத்தார். பச்சை முழுசாகப் போகவில்லை. உப்புத்தாளை எடுத்தார், காயில் முனையைத் தேய்க்கிற அதே நம்பர் உப்புத்தாள், வாசலில் உட்கார்ந்து ஒரு மணிநேரம் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பொறுமையோடு தேய்த்தார். மனசு லேசாகத்தான் இருந்தது, டாக்டர் சொன்னமாதிரியே. “வெளக்கி வெச்ச சொம்பாட்டம் இருக்குதுங்க” என்றாள் தெய்வானை. பெருமையோடு அதை நாணயச் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்குக் கொண்டுபோனார். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரும் காசைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். சாவு வீட்டில் முகம் பார்த்துவிட்டு நகர்வார்களே, அப்படி. கடைசியில் ஒரு பெரியவர் மட்டும், “யாருங்க இதைக் கொன்னது” என்று கேட்டார். பச்சைதான் அதன் உயிராம். அந்தத் தோல் வர இரண்டாயிரம் வருஷமாம். யானை இருந்த இடத்தில் இப்போது ஒரு மேடு, அவ்வளவுதான், தும்பிக்கை எங்கே என்று அவருக்கு மட்டும் தெரியும். வில் சுத்தமாகப் போய்விட்டது. அன்றைக்கு ஏனோ கோபம் வரவில்லை. யார் மேல் வர? வீட்டுக்கு வந்து அந்தக் காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், நாலு மாதமாக எந்தச் சட்டை மாற்றினாலும் கூடவே மாறி வருகிறது. அதற்குப் பிறகு பூதக்கண்ணாடி வாங்கினார், கிராம் தராசு வாங்கினார், கோயில் வாசலில் ராஜராஜன் காசு என்று மூன்று போலியும் வாங்கினார். ஆனால் தேடியது ஒன்றைத்தான். அதே யானை, அதே அங்குசம், தோல் உரியாதது. அது இன்றைக்கு அந்தம்மாவின் மேசையில், ஒரு சின்னச் சீட்டின் மேல் இருந்தது. எல்லாக் காசுக்கும் அந்தம்மா சீட்டு எழுதி வைத்திருந்தது, பரீட்சைத் தாளில் எழுதுகிறமாதிரி உருண்டை எழுத்து. ‘கரூர். அமராவதி ஆற்று மணல். சலித்தவர்: மருதாயி. 12-6-1996. மழை தூறிக்கொண்டிருந்தது.’ மழை எதற்கு? காசுக்கும் மழைக்கும் என்ன? படித்தபோதே அது அவரைக் கொஞ்சம் கலைத்தது. அதனால்தான் டூப்ளிகேட் என்ற சொல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டதோ என்னவோ.

மண்டபத்துக்கு வெளியே, வாடிய வாழைமரத்துக்குப் பக்கத்தில், பாய்லர் வைத்து ஒருவர் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். செம்மலை ஒரு டீ வாங்கிக்கொண்டு, கதவு வழியாக உள்ளே அந்த மேசை தெரிகிற இடமாகப் பார்த்து நின்றார். நின்ற பிறகுதான் உடம்புக்குத் தெரிந்தது, இப்படி ஏற்கெனவே நின்றிருக்கிறோம் என்று. இதே மாதிரி கையில் டீ, இதே மாதிரி எதிரே ஒரு வாசல், இதே மாதிரிக் காது. எட்டாவது அடி. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால். கரூரில் கோவை ரோட்டில் அவரும் சிக்கந்தரும் சேர்ந்து போட்ட மோட்டார் கடை. பள்ளப்பட்டிக்காரன். கறுத்த கை, வெள்ளைப் பல், எதற்கும் ‘மாப்ளே’. பேசுவது இவர் வேலை, கழற்றி மாட்டுவது அவன் வேலை. ஒரு விவசாயியிடம் இவர் ஒரு மோட்டாரைக் கம்பெனிக் காயில் என்று பேசிப் பேசி, ஆள் பையைத் திறக்கிற நேரம், சிக்கந்தர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, “அண்ணே, அது எரிஞ்சு ரீவைண்டிங் பண்ணினதுண்ணே, ஆனா நல்லா ஓடும்” என்றான். ஆள் பையை மூடிவிட்டார். அன்றைக்கு இவர் எறிந்த ஸ்பேனர் கடைக் கண்ணாடியில் பட்டது. “இவ்வளவு பேசறவன் தனியா நடத்திக்க. இனி இந்தக் கடைக்குள்ள கால் வெச்சா நான் செம்மலை இல்ல” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ஏழுக்குள் கூப்பிடுவான். ரோட்டைத் தாண்டும்போது பத்தாவது அடியோ பதினொன்றோ. எதிர்ப்பக்க டீக்கடையில் நின்றார். ஒன்று, இரண்டு, மூன்று டீ. சிக்கந்தர் கழிவுப்பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்று இவரையே பார்த்தான். வாய் திறக்கிறமாதிரி இருந்தது. பிறகு உள்ளே போய்விட்டான்.

அவ்வளவுதான். நாலு கடை தள்ளி இவர் தனிக்கடை போட்டார். முன்னுக்கு வந்தார், அது வேறு விஷயம். அவன் தும்மினால் இங்கே கேட்கும். ரம்ஜானுக்கு வருஷா வருஷம் யாரோ ஒருவர் கையில் நோன்புக் கஞ்சி வரும், யார் கொடுத்தது என்று இவர் கேட்கமாட்டார், கொண்டு வந்தவரும் சொல்லமாட்டார். ஒரு தடவை காயில் சுற்றுகிற ராமலிங்கம் சொன்னார், “நான் கேட்டுட்டேனுங்க அவருகிட்ட. ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே பாய்னு. அவரு என்ன சொன்னாரு தெரியுங்களா? வரமாட்டேன்னு மாப்ள சொல்லிட்டான். அவன் சொன்னா சொன்னதுதானே, நான் என்ன பண்ணட்டும்னாரு.” அன்றைக்கு ராமலிங்கத்தைத்தான் திட்டினார், உன்னை யார் கேட்கச் சொன்னது என்று. சொன்னா சொன்னதுதானே. பேச்சைக் கருவியாக வைத்துப் பிழைக்கிற ஊரில் இவன் ஒருத்தன் பேச்சைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டான். நான் வரமாட்டேன் என்றால் கூப்பிடு என்று அர்த்தம், மாட்டுக்குக்கூடத் தெரியும், அவனுக்குத் தெரியவில்லை. அப்படிங்களா. டீ கிளாஸ் கையில் சுட்டது. அப்படிங்களா, என்று அந்தம்மா சொன்னதும் அதுதான். எகிறலும் இல்லை, நடிப்பும் இல்லை. ஒருத்தர் டூப்ளிகேட் என்கிறார், அந்தம்மா அதைக் காதில் வாங்கி, அப்படியே நம்பிவிட்டது. செம்மலை மீதி டீயை வாழைமரத்தடியில் கொட்டினார்.

உள்ளே ஒரு நெட்டையான ஆள், கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, மேசை மேசையாக வந்துகொண்டிருந்தார். அந்தம்மாவின் மேசையில் குனிந்தார். கழுத்தை நீட்டி ஏதோ கேட்டார். அந்தம்மா தலையை ஆட்டியது. ஆமாம் என்றா, இல்லை என்றா? இங்கிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். போனது போ, யானை போனால் இன்னொரு யானை. இதே ஆற்றில் இன்னும் ஆயிரம் கிடக்கும், மருதாயி மாதிரி யாராவது சலித்துக்கொண்டுதான் இருப்பார்கள். திரும்பிப் போனால் விலை ஏறும். திரும்பிப் போகிறவன் செத்தான், காயலான் கடையில் முதலில் படித்த பாடம் அது, கன்னத்தில் வாங்கிப் படித்தது. ஆனால் நெட்டை ஆள் கையை நீட்டினார். செம்மலையின் கால் அவரைக் கேட்காமலே படியேறிவிட்டது. ஒன்று, இரண்டு, மேடையில் பெண்ணின் இரண்டெழுத்து, நோட்டுக்காரன், மூன்று, நாலு. திரும்பி நடக்கிற அடிகளை அவர் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. அதே தூரம்தான், ஆனால் கால் கனத்தது. நெட்டை ஆள் வேறு ஏதோ காசைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டிருந்தார்.

மேசையில் யானை இல்லை. அது இருந்த இடத்தில் நீலத் துணி மட்டும் சதுரமாகத் தெரிந்தது.

“வித்துட்டீங்களா டீச்சர்?”

“இல்லீங்க. எடுத்து வெச்சுட்டேன்.” டீச்சர் கைப்பையைத் தொட்டுக் காட்டினார். “நீங்க அனுபவஸ்தர் மாதிரி பேசினீங்க. சந்தேகம்னு வந்துட்டா நான் விக்கறதில்ல. வாங்கறவங்களை ஏமாத்தின மாதிரி ஆயிடும். மருதாயி அப்படிப்பட்டவ இல்லதான், ஆனா அவளுக்கு யாராவது குடுத்திருக்கலாமில்லையா. முப்பது வருஷமா அசல்னு நெனச்சு வெச்சிருந்தேன். நல்லவேளை சொன்னீங்க.”

நல்லவேளை. செம்மலை எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள், விற்கிறவரிடம் வாங்குகிறவன் சரக்கு நல்லது என்று வாதாட வேண்டும்.

“அது அசல்தானுங்க” என்றார்.

“அப்ப டூப்ளிகேட்னீங்களே.”

“வெல கொறைக்கச் சொன்னதுங்க.”

டீச்சர் அவரையே பார்த்தார். வகுப்பில் பொய் சொன்ன பையனைப் பார்க்கிற பார்வை என்று எதிர்பார்த்தார், அதுவும் இல்லை. புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ளப் பார்க்கிற பார்வை. “அதுக்காகவா?” என்று கேட்டார். “இப்ப அசல்னு சொல்றது மட்டும் எதுக்குச் சொல்றீங்கன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?”

கோபம் வரவேண்டிய இடம். கழுத்து வரைக்கும் வந்தது. வந்து, போக வழியில்லாமல் நின்றது. கேட்டதில் தப்பில்லை. செம்மலை சட்டைப்பைக்குள் கைவிட்டு, தன் காசை எடுத்து நீலத் துணியின் மேல் வைத்தார். அது ட்யூப்லைட் வெளிச்சத்தில் புதுச் செம்பு டம்ளர் மாதிரிக் கூசாமல் மின்னியது. டீச்சர் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு கைப்பையைத் திறந்து, தன் காசை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே அளவு. ஒன்றில் யானை, ஒன்றில் யானை இருந்த மேடு. அங்குசம் இருந்த இடத்தில் ஒரு கீறல், அதே இடத்தில்.

“தேய்ச்சீங்களா?”

“தேய்ச்சேனுங்க. உப்புத்தாள்ல.”

“நீங்களேவா?”

“நானேதானுங்க. தெரியாமத்தான். தெரிஞ்சவன் மாதிரி.”

டீச்சர் கைப்பையிலிருந்து சீட்டையும் எடுத்து, தன் காசை அதன்மேல் தூக்கி வைத்தார். “தேய்ச்சதை இப்படி எடுத்துக் காட்டறவர் பொய் சொல்லமாட்டார். அப்ப இது அசல்தான். ரெண்டும் ஒரே பட்டறைல அடிச்ச மாதிரி இருக்கு. விலை முதல்ல சொன்னதுதான்.” செம்மலையின் நாக்கு பழக்கத்தில் மேலண்ணத்தைத் தொட்டது. ‘பாத்துக் கொறைங்க’ என்ற இரண்டு சொற்கள் வாய் வாசலில் வந்து நின்றன. அவற்றை விழுங்கினார். “சரிங்க” என்றார். முதல் விலைக்குச் சரி என்று சொல்வது எப்படியிருக்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது. ஒன்றும் ஆகவில்லை, காதில் ரீங்காரம்கூட இல்லை. பணத்தை எடுத்து வைத்துவிட்டு, தன் மின்னுகிற காசைத் திரும்பப் பைக்குள் போடக் கையை நீட்டியபோது, டீச்சர் அதன்மேல் விரலை வைத்தார்.

“இருங்க. இதுக்குச் சீட்டு இல்லையே.”

“அது செத்துப்போன காசுங்க. அதுக்கெதுக்கு?”

“செத்தவங்களுக்குத்தான் முதல்ல எழுதணும்.” அவர் ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்து, பேனாவைத் திறந்தார். “எங்க கிடைச்சது?”

“கரூர்ங்க. ஆத்தங்கரைத் தோட்டம், கெணறு. பம்பு தண்ணி எடுக்கல. குழாயத் தூக்கிப் பாத்தா அடியில இருக்கற புட்வால்வுல சிக்கிக் கெடந்துச்சு.”

“என்னைக்கு?”

“ஆடி மாசம்ங்க. இருபது இருபத்தொரு வருசம் இருக்கும்.”

“மழையா, வெயிலா?”

சிரிப்பு வந்தது அவருக்கு. “காத்துங்க. ஆடிக்காத்து. துண்டு பறந்து கெணத்துக்குள்ள விழுந்துருச்சு. எறங்கி எடுக்கறேன்னு அவன் நிக்க, விட்றா போகுதுன்னு நான் கத்த.”

டீச்சர் எழுதிக்கொண்டே கேட்டார், “கண்டெடுத்தவர் பேரு?”

செம்மலை என்ற பெயர் நாக்கின் நுனியில்தான் இருந்தது. யாருக்குத் தெரியப் போகிறது. டப்பா அவருடையது, தேய்த்த கை அவருடையது. ஆனால் கிணற்று மேட்டில் குந்தியிருந்து, ஸ்க்ரூ டிரைவரால் புட்வால்வைக் குடைந்து, சேற்றோடு அதை எடுத்து லுங்கியில் துடைத்து, வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தது வேறு கை. மாப்ளே, யானை பாருடா. எங்கடா யானை, தகடுடா அது, டப்பால போடு என்று வாங்கிப் போட்டது மட்டும்தான் இவர். அவன் எதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்வான், தகடு என்றால் தகடு. கையை நீட்டிக் கொடுத்துவிட்டான். எதிரே பேனா காத்துக்கொண்டிருந்தது. பதினெட்டு வருஷமாக வாயால் சொல்லாத பெயர், துருப்பிடித்த நட்டு மாதிரி இறுகிக் கிடந்தது.

“சிக்கந்தர்” என்றார்.

“உங்க ஆளுங்களா?”

“கூட்டாளிங்க.”

டீச்சர் எழுதினார். எழுதி நிமிர்ந்து, பழைய காலத்து ஆட்களைப் பற்றி விசாரிக்கிற தயக்கத்தோடு, “இருக்காருங்களா?” என்று கேட்டார்.

“இருக்கானுங்க” என்றார் செம்மலை. “கூப்பிடு தூரத்துலதான்.”

டீச்சர் தலையை ஆட்டிவிட்டு, சீட்டில் கொஞ்சமே மிச்சமிருந்த இடத்தில், அதையும் அப்படியே எழுதினார்.